ஒரு முழ மண்

தம்பி இனாமாக டிராக்டர் ஓட்டித் தருகிறேன் என்று சொன்ன அன்றே சணப்பக்காவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தை ஏழு வருடமாக எட்டிக்கூடப் பார்க்காதவன், அன்று டீ டம்ளரோடு வரப்பில் வந்து நின்றான்.

"எப்பக்கா பூக்கும் இந்தச் சணப்பு?"

"எதுக்குடா?"

"பூத்ததும் மடக்கி உழுவியே. இந்தத் தடவை நானே ஓட்டித் தரேன். எவனோ ஒருத்தன் வண்டிக்கு நீ ஏன் காத்துக் கெடக்கணும்?"

"வாடகை?"

"போக்கா. உன்கிட்ட வாடகை கேக்குறவனா நான்?"

"போன வருஷம் கேட்டியே."

"அது போன வருஷம்," என்று சிரித்துவிட்டு, டம்ளரில் மிச்சமிருந்த டீயைச் செடிகள் மேல் கொட்டிவிட்டுப் போனான். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. வயது நாற்பத்தைந்தைத் தொடும்போது தம்பிக்கு அக்கா நினைப்பு வருகிறதாக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

பள்ளம் என்றால் நிஜமான பள்ளம். அரை ஏக்கர். அப்பா உயிரோடு இருந்தபோது செங்கல் சூளைக்காரர்கள் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போன இடம். மேல்மண் போனால் மிஞ்சுவது மண்ணே இல்லை, வெளுத்த களி. மழையில் சோப்பு மாதிரி வழுக்கும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அக்கா புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோது, தம்பி அந்தப் பக்கம் கையைக் காட்டி, "அந்தப் பள்ளம் உனக்குக்கா. என்ன வேணா பண்ணிக்கோ," என்றான். தம்பி மனைவி, "மீன் வளக்கலாம் அண்ணி," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பத்திரத்தில் யார் பெயர் என்று அன்றைக்கு யாரும் பேசவில்லை. யாருக்கும் வேண்டாத இடத்துக்குப் பத்திரம் எதற்கு?

அக்கா அப்போது ஒரு விதைக்கடையில் விதை புடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தேதி தாண்டிப்போன ஒரு மூட்டைச் சணப்பு விதையைக் கடைக்காரர் குப்பையில் போடச் சொன்னார். அவள் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள்.

சணப்பு அவரைக்கும் பயறுக்கும் ஒன்றுவிட்ட உறவு. ஆனால் அதை யாரும் தின்பதற்காக வளர்ப்பதில்லை. வளர்ப்பதே கொல்வதற்கு. விதையை நெருக்கமாக வீச வேண்டும்; அப்போதுதான் செடிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மெல்லிசாக உயரும். நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில் உச்சியில் மஞ்சள் பூ எட்டிப் பார்க்கும். அந்த வாரத்திலேயே மொத்தத்தையும் மடக்கி மண்ணுக்குள் உழுதுவிட வேண்டும். காற்றிலிருந்து பிடித்த சத்தெல்லாம் அப்போது இலையிலும் தண்டிலும் நிறைந்திருக்கும். இரண்டு வாரம் தள்ளினால் அந்தச் சத்து விதைக்கு ஏறிவிடும், தண்டு நாராகிவிடும். நார் சுலபத்தில் மக்காது. சரியான நாள் எது என்று கண்டுபிடிக்க நாள்காட்டி வேண்டாம். தண்டை ஒரு கையால் வளைத்துப் பார்த்தால் போதும். படக்கென்று ஒடிந்தால் இன்றே உழு. ஒடியாமல் மடங்கித் தொங்கினால் நாள் தப்பிவிட்டது.

முதல் வருடம் முழங்கால் உயரத்தில் சோகை பிடித்த மாதிரி நின்றது. அக்கா ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது, ஒரு முடிச்சுகூட இல்லை. காற்றைப் பிடித்துத் தருவது செடி இல்லை. வேரில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள். அவை கட்டும் வீடுதான் அந்த முடிச்சு. வெளுத்த களியில் அவை எங்கிருந்து வரும்? நன்றாகச் சணப்பு விளையும் ஒரு தோட்டத்தைத் தேடிப் போய், ஒரு பை மண் கேட்டு வாங்கி வந்தாள். சோறு வடித்த கஞ்சியில் அதைக் கரைத்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி வீசினாள். அந்தத் தடவை இடுப்புக்கு வந்தது. வேரில் மிளகு மிளகாக முடிச்சு. ஒன்றை நகத்தால் கிள்ளினாள். உள்ளே ரத்தம் கலந்த மாதிரி இளஞ்சிவப்பு. முடிச்சு சிவந்திருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெளுத்திருந்தால் சும்மா உட்கார்ந்து தின்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அவள் வரப்பில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தார் சணப்பக்கா என்று பெயர் வைத்தார்கள்.

வருடத்துக்கு இரண்டு தடவை விதைத்து, இரண்டு தடவையும் பூத்த வாரத்தில் மடக்கினாள். டீக்கடைகளிலிருந்து சக்கையும் முட்டை ஓடும் வாளி வாளியாகச் சுமந்து வந்து கொட்டினாள். வாய்க்கால் தூர்வாரினால் வண்டலை அள்ளிக்கொண்டு வந்தாள். நாலு வருடம் அந்த நிலத்திலிருந்து ஒரு மிளகாய்கூட அவள் வாய்க்குப் போகவில்லை. ஐந்தாம் வருடம் கத்தரி வைத்தாள். ஆறாம் வருடம் கத்தரியும் வெண்டையும் தக்காளியும். ஏழாம் வருடம் விதைக்கடை வேலையை விட்டுவிட்டாள். தன் சோற்றைத் தன் நிலத்தில் தின்கிறோம் என்ற நினைப்பு அவள் நடையிலேயே தெரிந்தது.

தம்பி டிராக்டர் பேச்சை எடுத்துப் பத்து நாள் கழித்து, கையில் ஒரு இரும்புக் கம்பியோடு வெளுத்த சட்டைக்காரர் ஒருவர் பள்ளத்தில் இறங்கினார். செடிகளை விலக்கி, கம்பியை மண்ணில் குத்தி, திருகி, வெளியே எடுத்தார். கம்பியின் பக்கவாட்டுக் குழியில் மண் கருப்பாக ஏறி வந்தது. அதை முகர்ந்து பார்த்தார்.

"யாருங்க அது?" என்றாள் அக்கா.

"புல்தரை போடுறவன்மா. இது யார் கைவேலை?"

"எந்த வேலை?"

"இந்த மண்ணு. ஒரு முழத்துக்குச் சோத்துல கரண்டி எறங்குற மாதிரி எறங்குது. கீழ பாத்தா வெறும் களி. யாரோ உக்காந்து செஞ்சிருக்காங்க."

ஏழு வருடத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சணப்பு, கஞ்சி, முட்டை ஓடு என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சைக் கிள்ளிக் காட்டினாள். அவரும் சளைக்காமல் கேட்டார். வேருக்குள் இருக்கும் சிவப்பைக் குனிந்து பார்த்து, "அடேங்கப்பா," என்றார்.

"இந்தப் போகமும் மடக்கிருவீங்கல்ல?"

"ஒரு வாரத்துல."

"மடக்கி மூணு வாரம் மக்கட்டும். அப்புறம் மிஷினை எறக்கிடுறேன். எனக்கு இந்த ஒரு முழம் போதும்மா. கீழ இருக்கிற களிய நான் தொடவே மாட்டேன்."

"எதுக்கு மிஷின்?"

அவர் கம்பியைத் துடைப்பதை நிறுத்தினார். "பெரிய கட்டடம் ஒண்ணு கட்டுறாங்கம்மா, பைபாஸ் தாண்டி. முன்னாடி ரெண்டு ஏக்கர் புல்லு. அதுக்கு மேல்மண்ணு. உங்க தம்பி சொல்லலையா?"

அக்கா குனிந்தாள். கையிலிருந்த செடியை, வேர் கீழே இருக்கும்படி, எடுத்த குழியிலேயே நட்டு வைத்தாள். நட்டால் பிழைக்காது என்று அவளுக்குத் தெரியாதா?

தம்பி அதற்குள் அறுவடை வண்டி ஓட்ட வெளியூர் போய்விட்டான். போனால் இரண்டரை மாதம் ஆகும். தம்பி மனைவி சமையலறையில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் அக்கா.

அவள் நிமிரவில்லை. "உங்களுக்கும் சேத்துத்தான் அண்ணி. மேல மாடி எடுக்கப் போறோம். அதுல ஒரு ரூம் உங்களுக்கு. எத்தனை வருஷம்தான் அந்தத் தகரக் கொட்டாயில கெடப்பீங்க?"

"நான் கேட்டேனா ரூம்?"

"கேக்காமலே குடுக்குறோம். அதையும் குத்தம் சொன்னா என்ன பண்றது?"

அக்கா போனில் தம்பியைப் பிடித்தாள். பின்னால் அறுவடை எந்திரம் இரைந்தது.

"பள்ளம் எனக்குன்னு சொன்னியே தம்பி."

"இப்பவும் சொல்றேன். எடம் உனக்குத்தான்கா. எவன் வந்து எடத்தைத் தூக்கிட்டுப் போறான்? மண்ணுதானே போகுது."

"மண்ணு போனா எடத்துல என்னடா இருக்கும்?"

"அக்கா, சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பூத்துருச்சா? டிரைவரை அனுப்புறேன். மடக்கி வெச்சிரு."

வெட்டிவிட்டான்.

அந்த வாரம் பூத்தது. பள்ளம் முழுக்க மஞ்சள். சணப்புப் பூ லேசில் திறக்காது. இதழ்கள் பூட்டிய மாதிரி இருக்கும். தேனீ வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். கட்டைவிரல் பருமனான கருவண்டு வந்து பொத்தென்று உட்கார்ந்தால்தான், அந்தக் கனத்துக்குப் பூட்டு விட்டு வாய் பிளக்கும். அந்த வண்டு வராத பூவில் காய் பிடிக்காது. பதினான்கு போகம் விதைத்தும் அக்கா அந்த வண்டுகளை நின்று பார்த்ததில்லை. பூத்தால் உழுதுவிடுவாளே, வண்டுக்கு ஏது நேரம்? இந்தத் தடவை தினமும் காலையில் வரப்பில் உட்கார்ந்து பார்த்தாள்.

டிரைவர் டிராக்டரோடு வந்தான். அவள் ஒரு தண்டை வளைத்தாள். படக்கென்று ஒடிந்தது. ஒடிந்த துண்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இன்னும் பத்து நாள் போகணும்பா. இப்ப உழுதா வீண்."

"அண்ணன் இன்னைக்கே முடிக்கச் சொன்னாரே?"

"அண்ணனா விதைச்சாரு?"

அவன் டீ குடித்துவிட்டுப் போனான். மறுபடி வந்தபோது, "நான் வேற வண்டி வெச்சு முடிச்சிட்டேன்," என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். தம்பி போனில், "மடக்கியாச்சா?" என்று கேட்டபோது, "ம்," என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய், அந்த ஒரு எழுத்துக்கே வறண்டுபோனது. தம்பி மனைவி வீட்டின் முன்பக்கத்து ஆள். காலையில் தையல் கம்பெனிக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். பள்ளத்தில் எது நிற்கிறது, எது சாய்ந்தது என்று எட்டிப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அக்காவின் கணக்கு எளிமையானது. தண்டு நாரேறி மரமாகட்டும். சத்தெல்லாம் விதைக்கு ஏறட்டும். நார்க்காட்டில் மண் எடுக்க எவன் வருவான்? தம்பி ஊர் திரும்பினால்தான் புல்தரைக்காரர் மிஷினை இறக்குவார்; அதற்குள் கட்டடத் திறப்புத் தேதி நெருங்கினால் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். விதையை அறுத்து எடுத்துக்கொண்டு, வரும் போகத்துக்குக் கத்தரி வைக்க வேண்டியதுதான்.

தம்பி திரும்பி வந்தபோது பள்ளத்திலிருந்து சத்தம் கேட்டது. காய்ந்த காய்களுக்குள் விதைகள் உருண்டு, காற்று அடிக்கும்போதெல்லாம் ஆயிரம் கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி. ஆள் உயரத்துக்கு மேல் நின்றது சணப்பு. ஓர் ஓரத்தில் அக்கா அரிவாளோடு காய் அறுத்துக்கொண்டிருந்தாள். அரை மூட்டை சேர்ந்திருந்தது.

"ம்னு சொன்னியே!" என்று கத்தினான்.

"சொன்னேன்."

"ஏமாத்திட்டியா என்னை?"

"நீ டீ டம்ளரோட வந்து நின்னியே, அதுக்குப் பேரு என்ன?"

அவன் திரும்பி நடந்தான். டிராக்டரில் ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு வந்தான். படுத்த வாக்கில் ஓர் இரும்புத் தண்டு, அதைச் சுற்றி வளைந்த கத்திகள். தண்டு சுழலச் சுழலக் கத்திகள் மண்ணைக் கொத்திப் புரட்டும். பச்சைச் சணப்பை அது கீரை அரிகிற மாதிரி அரிந்துவிடும். முற்றிய சணப்பில் அதை இறக்கக் கூடாது என்பது சணப்பு போடுகிற யாருக்கும் தெரியும். தம்பி சணப்பு போட்டதே இல்லையே.

"எறக்காதடா," என்றாள் அக்கா. "சுத்திக்கும்."

"நீ பேசாத."

முதல் சுற்று போனான். காய்கள் வெடித்து விதைகள் நாலா பக்கமும் சிதறின. இரண்டாவது சுற்று. மூன்றாவதில், ஏறக்குறைய பாதி நிலம் ஆனபோது, எந்திரம் முக்கியது. பிறகு நின்றுவிட்டது. கத்திகளையே காணோம். கயிறு திரிக்கிற பட்டறையில் சுற்றி வைத்த மாதிரி, தண்டு முழுக்க நார் இறுகி ஓர் உருளையாகி இருந்தது.

அவன் அடியில் படுத்துக் கத்தியால் குத்தினான், இழுத்தான், திட்டினான். ஒரு மணி நேரத்தில் ஒரு கைப்பிடி நார் வந்தது. அக்கா வரப்பில் நின்று பார்த்தாள். அவன் விரலில் ரத்தம் கசிவதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வெட்டினா வராதுடா. எந்தப் பக்கம் சுத்துச்சோ அதுக்கு எதிர்ப்பக்கமா பிரி. நுனியைத் தேடு. தண்ணி ஊத்திக்கோ."

இரண்டு பேருமாக உட்கார்ந்து பிரித்தார்கள். சின்ன வயதில் சிக்கு விழுந்த பட்ட நூலைப் பிரித்த மாதிரி, அவள் நுனியைக் கண்டுபிடித்துக் கொடுக்க, அவன் இழுத்தான்.

"உனக்கு ஏன்கா இவ்வளவு கோவம்?" என்றான் கடைசியில். நிஜமாகவே புரியாத குரல்.

"ஏழு வருஷம்டா."

"அதான் சொல்றேன். ஒண்ணுமில்லாத எடத்துல நீ பண்ணிக் காட்டினல்ல? உனக்குக் கை வந்த வேலை. மறுபடியும் பண்ணிடுவ. எனக்கு மாடி கட்ட வேற என்ன வழி இருக்கு, சொல்லு."

அவன் அவளை மெச்சித்தான் சொன்னான். அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். கையிலிருந்த நாரை அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் புல்தரைக்காரர் வந்து பார்த்தார். அக்கா தகரக் கொட்டகை வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நார் கெடந்தா கெடக்கட்டும். சலிச்சுக்கிறேன்," என்றார் அவர். "எனக்கு டைம் இல்ல."

பொக்லைன் இரண்டு நாள் வேலை செய்தது. அதன் ஓட்டுநர் கெட்டிக்காரர். வெளுத்த களி தெரிந்ததும் கரண்டியைத் தூக்கிவிடுவார், ஒரு விரல்கடைகூட வீணாக எடுக்கவில்லை. அறுக்காமல் விட்ட காய்கள், சிதறிய விதைகள், நார், முட்டை ஓடு எல்லாம் மண்ணோடு லாரியில் ஏறின. போகும்போது புல்தரைக்காரர் கொட்டகைக்கு வந்து, "நல்ல மண்ணும்மா. உங்களை மாதிரி ஆளைப் பாத்ததில்ல," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மழை பிடித்தது. பள்ளம் நிறைந்து குளமானது. மாடி எழும்பியது. தம்பி சொன்ன சொல் தவறவில்லை. மேலே அக்காவுக்கு ஓர் அறை, கண்ணாடி ஜன்னலோடு. ஜன்னலைத் திறந்தால் குளம் தெரியும். அரை மூட்டைச் சணப்பு விதை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. விதைக்கடைக்குப் போய் வேலை கேட்டாள். புடைக்க எந்திரம் வந்துவிட்டது என்றார் கடைக்காரர்.

ஒரு நாள் தம்பி மனைவி மாடிக்கு வந்தாள். "அண்ணி, களை எடுக்க ஆள் கேக்குறாங்களாம். தினக்கூலி. கம்பெனி வேன் வருது. சும்மா ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு..."

வேன் பைபாஸைத் தாண்டிப் போய், ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்தது. கண்ணாடிக் கட்டடம். முன்னால் இரண்டு ஏக்கர் புல். புல்லுக்கு நடுவே, வரிசை இல்லாமல், இடுப்பு உயரத்துக்கு நூறு இருநூறு செடிகள் எழுந்து நின்றன. அறுத்து அறுத்துப் பார்த்தும் முளைத்து வந்தவை. உச்சியில் மஞ்சள் பூ எட்டிப் பார்த்தது.

"எல்லாத்தையும் வேரோட புடுங்கணும்," என்றார் மேற்பார்வையாளர். "நாளைக்கு முதலாளி வர்றார். ஒரு மஞ்சள் கண்ணுல படக் கூடாது."

பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்தார்கள். அக்கா ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். சிரமமே இல்லாமல் வந்தது. அவ்வளவு இளக்கமான மண். வேரில் மண்ணோடு ஒரு முட்டை ஓட்டுச் சில்லு ஒட்டியிருந்தது. முடிச்சுகள் மிளகு மிளகாக. ஒன்றைக் கிள்ளினாள். சிவந்திருந்தது. தண்டை வளைத்தாள். படக்கென்று ஒடிந்தது.

"பழகுன கைதான்," என்றாள் பக்கத்தில் குனிந்திருந்தவள். "என்ன செடிக்கா இது? பூ அழகா இருக்கு."

"களைதான்," என்றாள் அக்கா.

பிடுங்கியதையெல்லாம் குவித்து வைத்தார்கள். "இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவா?" என்று அக்கா மேற்பார்வையாளரைக் கேட்டாள். "மண்ணுக்குப் போடலாம்."

"உள்ள இருந்து எதுவும் வெளிய போகக் கூடாதும்மா. கேட்ல பாப்பாங்க. அது குப்பை வண்டிக்கு."

வேலை முடிந்து கேட்டுக்குப் போகும் வழியில் வெள்ளைக் கல் பதித்திருந்தது. காவலாளி அவள் பையைத் திறந்து பார்த்தான். காலிச் சோற்று டப்பா. பிறகு அவள் பாதத்தைப் பார்த்தான்.

"காலைக் கழுவிட்டு வாம்மா. கல்லெல்லாம் மண்ணாகுது."

குழாய் புல்லுக்குள்ளேயே இருந்தது. அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். கருப்புத் தண்ணீர் அவள் காலை விட்டு இறங்கிப் புல்லுக்குள் போய்ச் சேரும்வரை, காவலாளி பார்த்துக்கொண்டே நின்றான்.